பழுப்புக் குறுமீனும் அதன் துணையும்

சித்திரைத் திங்களின் இறுதி நாள்களில், இரவு ஒன்பது மணியளவில், அம்பத்தூர் ஏரிக்கரையில் நின்று தென்றிசை வானத்தை நோக்குவோமாயின், உச்சிக்குச் சற்றுத் தாழ்வாக, கோணிய நாற்கரம் போல் நான்கு மீன்கள் விளங்கக் காணலாம். அவை அத்தம் என்னும் நாண்மீனைச் சார்ந்தவை. அவற்றுக்கு நேர் கீழே, தொடுவானுக்குச் சிறிது மேலாகத் தென்சிலுவை என்னும் மீன்கூட்டம் நிற்கும். தொழிற்பேட்டையின் விளக்கொளியும் நெடுஞ்சாலைப் புழுதியும் அதனை மறைத்துவிடுவதும் உண்டு. அவ்வாறாயின் பூவிருந்தவல்லிக்கு அப்பால், வயல்வெளி எஞ்சியிருக்கும் பக்கமாகச் சென்று நோக்குதல் நன்று. அத்தத்திற்கும் தென்சிலுவைக்கும் ஏறத்தாழ நடுவிடத்தில், நம் கண்ணுக்குப் புலப்படாத ஒரு பொருளும் அதற்குத் துணையாக வேறொரு பொருளும் உள்ளன. முன்னதை விண்மீன் என்பதா, பின்னதைக் கோள் என்பதா என்னும் வழக்கு அறிஞரிடையே இன்னும் தீர்ந்தபாடில்லை.

விண்மீன் யாது, கோள் யாது என்பதனை முதற்கண் தெளிந்து கொள்வோம். வானவெளியிற் பரந்து கிடக்கும் வளிமுகில் தன் ஈர்ப்பாலேயே ஒடுங்கிச் செறியுங்கால், அதன் உள்ளிடம் வெப்பமுறுகின்றது. மிதிவண்டிச் சக்கரத்திற்குக் காற்றடிக்கும்போது குழாயின் அடிப்புறம் கைக்குச் சுடுவதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். அழுத்தப்பட்ட காற்றுச் சூடேறுவது போலவே முகிலின் நடுவிடமும் சூடேறுகின்றது. அவ்வெப்பம் போதிய அளவு மிகுமாயின், ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒன்றோடொன்று கூடி ஹீலியமாக மாறும். அப்போது வெளிப்படும் ஆற்றலே ஞாயிற்றின் ஒளிக்குக் காரணம். இவ்வாறு தன்னுள்ளேயே எரிபொருள் கொண்டு நெடுங்காலம் ஒளிர்வது விண்மீன். கோளோ, புதிதாய்த் தோன்றிய விண்மீனைச் சூழ்ந்து தட்டுப்போற் சுழலும் தூசும் வளியும் திரண்டு உருவாவது.

ஒடுங்கும் முகில் மிகச் சிறிதாயின் என்னாகும்? இவ்வினாவை எடுத்துக்கொண்டு 1962, 1963ஆம் ஆண்டுகளில் கணக்கிட்டு விடை கண்டவருள் முதல்வர், அமெரிக்காவில் ஆய்வு செய்துகொண்டிருந்த இந்திய வானியலறிஞர் ஷிவ் குமார் ஆவார். அவர் கண்ட உண்மை இது. பொருள் செறியச் செறிய எலக்ட்ரான்கள் நெருங்குகின்றன; ஆயின் ஓர் எல்லைக்கு மேல் நெருங்க அவை இசைவதில்லை. ஆவடியிலிருந்து சென்னைக்குச் செல்லும் காலைநேர மின்தொடர்வண்டியில், ஓரளவு நிறைந்தபின் வெளியே நிற்போர் எத்துணைத் தள்ளினும் உள்ளிருப்போர் அசைவதில்லை அன்றோ? அத்தகைய நிலையே அங்கும் உண்டாகின்றது. ஒடுக்கம் நிற்கின்றது, ஒடுக்கம் நின்றமையால் வெப்பம் ஏறுவதும் நிற்கின்றது, ஹைட்ரஜன் நிலையாக எரியத் தொடங்கு முன்னரே எல்லாம் அடங்கிவிடுகின்றது. ஞாயிற்றின் பொருண்மையில் நூற்றில் ஏழு பங்கினும் குறைந்த முகிலுக்கு இக்கதியே நேரும் என்று குமார் வரம்பு கட்டினார். ஜப்பானிய அறிஞர் ஹயாஷியும் நகானோவும் 1963இல் தனியே ஆராய்ந்து இத்தகைய முடிவையே எய்தினர்.

சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சந்திரசேகர், 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய போது, இந்த எலக்ட்ரான் நெருக்கத்தையே அடிப்படையாகக் கொண்டு, எரிந்து முடிந்த வெண்குறுமீனுக்கு மேல்வரம்பு காணும் கணக்கைத் தொடங்கினார். முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப்பின் குமார் விண்மீனுக்குக் கீழ்வரம்பு கண்டார். ஒரே விதி, மீனின் பிறப்பிலும் இறப்பிலும் எல்லைக்கல்லாய் நிற்பது வியப்பிற்குரியது.

இவ்வாறு எரியாது அடங்கிய பொருள் உடனே இருண்டு விடுவதில்லை. அம்பத்தூர்ப் பட்டறையில் உலையினின்று வாங்கிய இரும்பினைப் பாருங்கள். முதலில் மஞ்சளாய் ஒளிர்ந்து, பின்னர்ச் சிவந்து, பின்னர்க் கருஞ்சிவப்பாகி, ஈற்றில் ஒளியிழக்கும். உலையினின்று நீங்கியபின் அதற்குப் புதுவெப்பம் ஊட்டுவார் இல்லை. முன் பெற்றதனையே செலவிட்டுத் தணிகின்றது. குமார் கணித்த பொருளும் அத்தகையதே. ஒளி குன்றியதாகலின் அவர் அதனைக் கருங்குறுமீன் என்றார். அப்பெயர் தணிந்து இறந்த வெண்குறுமீனுக்கும் வழங்கிய பெயராதலின் மயக்கம் விளைந்தது. 1975இல் ஜில் டார்ட்டர் என்னும் அம்மையார், பழுப்புக் குறுமீன் என்னும் பெயரை வழங்கினார். உண்மையில் அதன் நிறம் பழுப்பன்று. பெரும்பாலும் ஆழ்ந்த சிவப்பு. நம் நன்னூலார் முறைப்படி பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்தால், இது இடுகுறியின்பாற்படும். பெயர் வந்த பின்னரும் இருபது ஆண்டுகள் அப்பெயருக்குரிய பொருள் வானில் ஐயமறக் கிட்டவில்லை. 1995இல், நாம் நன்கறிந்த கார்த்திகை மீன்கூட்டத்தினூடே ஒன்றும், வேறொரு சிறுமீனுக்குத் துணையாக மற்றொன்றும் கண்டுபிடிக்கப்பட்டன. ஏட்டிற் கண்டதனை வானிற் காண முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இனி அத்தத்தின் கீழுள்ள பொருளுக்கு வருவோம். அதன் பெயர் 2எம் 1207. முகம் சுளிக்க வேண்டா, இது காரணப்பெயரே. 2எம் என்பது அகச்சிவப்புக் கதிர்களால் வானம் முழுவதையும் அளந்த ஒரு பேராய்வின் சுருக்கம். 1207 என்பது வானத்தில் அதன் இருப்பிடம். நம் தெருவில் கதவிலக்கம் எழுதுவது போல, 12 மணி 7 நிமிடம் என்னும் வானளவைக் குறிப்பு. இங்கிருந்து ஏறத்தாழ 200 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அகச்சிவப்புக் கதிரையே மிகுதியாக வீசுவதால் நம் விழிக்கு அது அகப்படாது. வியாழனைப் போல் ஏறக்குறைய இருபத்தைந்து மடங்கு பொருண்மை உடையது. ஞாயிறோ ஆயிரம் வியாழனுக்கு நிகர். ஆதலின் 2எம் 1207 விண்மீன் ஆகாது, பழுப்புக் குறுமீனே.

2004ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், சிலி நாட்டுப் பரனால் மலைமீதுள்ள 8.2 மீட்டர்த் தொலைநோக்கியைக் காயேல் ஷோவேன் என்னும் பிரெஞ்சு அறிஞரும் அவர் குழுவினரும் அதன்மேற் செலுத்தினர். காற்றின் நடுக்கத்தால் உருவம் கலங்காதவாறு கணத்துக்குக் கணம் திருத்தும் கருவி அதற்குப் பொருத்தப்பட்டிருந்தது. குறுமீனின் அருகே, அதனினும் நூறு மடங்கு மங்கிய செம்புள்ளி ஒன்று தென்பட்டது. பின்னணியிலுள்ள ஏதேனும் ஒரு மீன் தற்செயலாய் அருகில் தோன்றுகின்றதோ என்று அவர்கள் ஐயுற்றனர், அவ்வையம் முறையானதே. மறு ஆண்டு மீளப் படமெடுத்தபோது, குறுமீன் பெயர்ந்த அளவே புள்ளியும் பெயர்ந்திருந்தது. இரண்டும் ஒன்றாகவே செல்கின்றன என்பது உறுதியாயிற்று. ஞாயிறு நீங்கலாகப் பிறிதொரு பொருளின் அருகே கோளளவுள்ள ஒன்று நேரே படத்திற் பதிந்தது அதுவே முதல் முறை.

அத்துணையின் பொருண்மை ஐந்தாறு வியாழன் அளவு. வெப்பம் சென்டிகிரேடில் ஏறத்தாழ ஆயிரம் டிகிரி. உலையினின்று வாங்கிய இரும்பைப் போன்றது. நெப்டியூன் ஞாயிற்றிலிருந்து விலகியிருப்பதனினும் மிக்க தொலைவில் அது குறுமீனை விட்டு நிற்கின்றது.

அதனைக் கோள் எனலாமா? எடையே இனத்தை வகுக்கும் என்பார் ஒரு சாரார். பதின்மூன்று வியாழனுக்கு மேற்பட்டது டியூட்டீரியம் என்னும் கனஹைட்ரஜனையேனும் சிறிது காலம் எரிக்கும். அதனினும் குறைந்தது அதுவும் செய்யாது. ஆகவே இத்துணை கோளே என்பது அவர் கொள்கை. பிறப்பே இனத்தை வகுக்கும் என்பார் மற்றொரு சாரார். குமாரும் கோளையும் குறுமீனையும் தோன்றும் முறையாலேயே வேறு பிரித்தார். கோள் தட்டிலிருந்து தோன்றுவது. 2எம் 1207ஐச் சுற்றியும் தட்டு உண்டு; ஆயின் அதிலுள்ள தூசு நம் பூமியின் எடைக்கும் ஈடாகாது. தலைவனின் ஐந்தில் ஒரு பங்கு எடையுள்ள துணை, அத்தகைய தட்டிலிருந்து, அதுவும் அவ்வளவு தொலைவில், திரண்டிருத்தல் அரிது. ஒரே முகில் இரண்டாய்ப் பிளந்து ஒடுங்கியதால், இரட்டை மீன்களைப் போல் இரண்டும் உடன்பிறந்தன என்று கொள்வதே பொருந்தும் என்பர்.

இலக்கணம் பயின்ற எமக்கு இரண்டாங் கொள்கையே உவப்பாகின்றது. ஒரு சொல்லின் இனத்தை அதன் எழுத்தெண்ணிக்கையால் அறிவாருளரோ? பகுதியைக் கொண்டன்றோ அறிகின்றோம்! எனினும் வானியலார் இதற்கு உடன்படுவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. எடையை அளக்கலாம், பிறப்பை நேரிற் கண்டார் ஒருவரும் இலர். அதனாலேயே ஒரு பக்கமும் சாராது, கோளளவுத் துணை என்று அடக்கமாக எழுதுகின்றனர்.

பிறப்பை ஊகிக்க இவ்விணை தக்கதாயிருப்பதற்குக் காரணம் அதன் இளமையே. அதன் அகவை ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டு. ஞாயிற்றுக்கோ 460 கோடி ஆண்டு. ஞாயிற்றை அறுபது வயது முதியவராகக் கொண்டால், இவை ஒன்றரைத் திங்கட் குழவிகள். ஆதலாற்றான் இன்னும் இத்துணை வெப்பத்தோடு திகழ்ந்து நம் கருவிகளுக்குப் புலப்படுகின்றன. ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கி இவற்றின் ஒளியைப் பகுத்துக் கண்ட முடிவுகள் 2023இல் வெளிவந்தன. வளி வீழ்ந்து சேரும் இடத்தில் எழும் ஒளிவரிகள் அத்துணையிடத்தும் தென்பட்டன. அஃதாவது, அது இன்னும் சுற்றியுள்ள வளியை உட்கொண்டு வளர்கின்றது போலும். தலைவனை ஒருமுறை சுற்றிவர அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். 2004இல் முதற்படம் எடுத்த நாள் தொட்டு இன்றுவரை, தன் வழியில் நூற்றில் ஓரிரு பங்கே அது கடந்துள்ளது.