உங்களுக்குத் தெரியுமா? கடவுச்சொல் சரி, விசைப்பலகை வேறு!

வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்த லினக்ஸ் கணினியில், சரியான கடவுச்சொல்லைத் தட்டியும் பூட்டு திறக்காமல் போகலாம். பிரெஞ்சு, ஜெர்மன் விசைப்பலகை வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

விசைப்பலகை எழுத்துகளை அனுப்புவதில்லை. எந்த விசை அழுத்தப்பட்டது என்பதற்கான எண்ணை மட்டுமே அனுப்புகிறது. அதை எழுத்தாக்குவது மென்பொருள். கடவுச்சொல்லைக் கேட்கும் 'க்ரப்' என்னும் துவக்க நிரல், தனியே மாற்றியமைக்காதவரை, அமெரிக்க 'குவெர்ட்டி' அமைப்பையே பின்பற்றும். பயனர் தேர்ந்தெடுத்த பிரெஞ்சு 'அஸெர்ட்டி' அமைப்போ, சாவியை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டியது போல, திறக்க வேண்டிய வட்டுக்குள்ளேயே கிடக்கிறது. விளைவு? 'ஏ' அழுத்தினால் 'க்யூ', 'இசட்' அழுத்தினால் 'டபிள்யூ', 'எம்' அழுத்தினால் அரைப்புள்ளி. தட்டுவது திரையில் தெரியாததால் தவறும் புலப்படாது. ஜெர்மன் விசைப்பலகையில் 'ஒய்', 'இசட்' இரண்டும் இடம் மாறும்.

இதற்காகவே வெராகிரிப்ட் என்னும் குறியாக்க மென்பொருள், சிஸ்டம் வட்டுக்குக் கடவுச்சொல் அமைக்கும்போதே விசைப்பலகையை அமெரிக்க அமைப்புக்கு மாற்றிவிடுகிறது. நல்ல முன்யோசனை! லினக்ஸின் 'லக்ஸ்' குறியாக்க முறையில் ஒரே வட்டுக்குப் பல கடவுச்சொற்கள் வைக்கலாம் என்பதும் கைகொடுக்கும்; அமெரிக்க அமைப்பில் அதே விசைகள் தரும் சொல்லையும் கூடுதலாகச் சேர்த்துவிடலாம்.

ஏ, க்யூ, இசட், டபிள்யூ, எம், ஒய் நீங்கலாக மற்ற 20 ஆங்கில எழுத்துகளும் இம்மூன்று அமைப்புகளிலும் ஒரே இடத்தில்தான் உள்ளன. வெளிநாட்டு மடிக்கணினி பயன்படுத்துவோர் அவற்றைக் கொண்டே நீளமான கடவுச்சொல்லை அமைத்துக்கொள்ளலாம்.