சைக்கிள் வாங்கினால் போதுமா?

நம் ஊர்களில் முன்பெல்லாம் வாடகை சைக்கிள் கடை இருக்கும். கடைக்காரர் நோட்டில் பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு வண்டியைக் கொடுப்பார். முகம் தெரியாத ஆளுக்குத் தரமாட்டார். பஞ்சர் ஒட்டுவதும் அவரேதான். அந்தக் கடைக்காரர் இல்லாமல் ஒரு நகரம் முழுவதும் சைக்கிள் வாடகைக்கு விட்டால் என்ன செலவாகும்? பார்ப்போமா நண்பர்களே!

1965-ல் ஆம்ஸ்டர்டாமில் சில இளைஞர்கள், வெள்ளை பெயிண்ட் அடித்த சைக்கிள்களைப் பூட்டாமல் தெருவில் விட்டார்கள். யாரும் ஓட்டலாம், காசு வேண்டாம். பூட்டாமல் விடுவது சட்டவிரோதம் என்று போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டது. 1995-ல் கோபன்ஹேகனில் 20 குரோனர் நாணயம் போட்டால் வண்டி கிடைத்தது. திருப்பி மாட்டினால் நாணயமும் திரும்பியது. ஆனால் எடுத்தவர் யாரென்று தெரியாதே! திருட்டு நிற்கவில்லை.

2007-ல் பாரிஸ் 'வெலிப்' திட்டத்தைத் தொடங்கியது. அட்டை இருந்தால்தான் வண்டி. முதல் அரை மணி இலவசம். ஒரு விளம்பர நிறுவனம் செலவை ஏற்றது. பதிலுக்கு நகரில் சுமார் 1,600 விளம்பரப் பலகைகளின் உரிமை அதற்குக் கிடைத்தது.

நல்ல யோசனைதான். ஆனால் கஷ்டம் பிறகுதான் தெரிந்தது.

முதலாவது, திருட்டும் சேதமும். முதலில் விட்ட 20,600 வண்டிகளில் சுமார் 80 சதவீதம் திருடு போயின அல்லது சேதமாயின என்று 2009-ல் செய்தி வந்தது.

இரண்டாவது, மேடு பள்ளம். மேட்டுப் பகுதியிலிருந்து எல்லோரும் ஜாலியாக இறங்கி வந்தார்கள். இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியை மிதித்து மேலே ஏறத்தான் ஆளில்லை! மேலே நிலையம் காலி, கீழே வண்டி விட இடமில்லை. எனவே லாரி வைத்து ஏற்ற வேண்டியதாயிற்று. மேட்டில் கொண்டுபோய் விடுவோருக்கு 15 நிமிடம் கூடுதல் இலவசமும் தந்தார்கள்.

மூன்றாவது, மின்சாரம். 2018-ல் வேறு நிறுவனம் பொறுப்பேற்றபோது பல நிலையங்களுக்கு மின் இணைப்பு வந்து சேரவில்லை. பேட்டரியில் ஓட்டிப் பார்த்தார்கள். மக்கள் திட்டித் தீர்த்தார்கள். இத்தனைக்குப் பிறகும் திட்டம் நிற்கவில்லை, இன்றும் ஓடுகிறது.

நாமும் ப்ராஜெக்ட்டுக்கு எஸ்டிமேட் போடுகிறோம். பொருள் விலையைக் கூட்டியதும் அடியில் கோடு போட்டுவிடுகிறோம். சைக்கிள் விலை அதில் ஒரு வரிதான். நிலையம், கேபிள், லாரி, மெக்கானிக் சம்பளம், காணாமல் போனதற்கு மாற்று வண்டி எல்லாம் அடுத்தடுத்த வரிகள். அவை வருஷா வருஷம் வரும். கடைக்காரர் ஒருவராகப் பார்த்த வேலைக்கு நகரம் கொடுக்கும் விலை அது. அதையும் எழுதிவிட்டுக் கோடு போடுவோம்!