குண்டு தீராத கப்பல்

போர்க்கப்பலின் ராடாருக்கு முதல் தொல்லை, பூமி உருண்டையாக இருப்பது. கடல்மட்டத்திலிருந்து 20 மீட்டர் உயரத்தில் ராடார் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரியின் ஏவுகணை அலைகளுக்கு 5 மீட்டர் மேலே தாழப் பறந்து வந்தால், சுமார் 28 கிலோமீட்டர் தொலைவுக்குள் வரும்வரை அது அடிவானத்துக்குக் கீழேயே மறைந்திருக்கும். எத்தனை கோடி கொட்டி வாங்கிய ராடாராக இருந்தாலும் இதே கதிதான். ஒலியைப்போல் 2.8 மடங்கு வேகத்தில் பாயும் பிரமோஸ் போன்ற ஏவுகணைக்கு அந்த 28 கிலோமீட்டர் வெறும் அரை நிமிடப் பயணம்.

அந்த அரை நிமிடத்துக்குள் அதைப் பார்க்க வேண்டும், பறவையா பகையா என்று தெரிய வேண்டும், குறிவைக்க வேண்டும், சுட வேண்டும். படாவிட்டால் மறுபடி சுட வேண்டும். கப்பலைக் காக்கும் ஆயுதங்களின் வடிவமைப்பு முழுக்க இந்த முப்பது வினாடிகளோடு மல்லுக்கட்டுவதுதான். அண்மைக் காலமாக அதோடு இன்னொரு கவலையும் சேர்ந்திருக்கிறது: ஒவ்வொரு தடவை சுடவும் எவ்வளவு செலவாகிறது?

கடைசிக் காவலில் இருந்து தொடங்கலாம். அமெரிக்கப் போர்க்கப்பல்களில் வெள்ளை உருளைத் தலையோடு ஒரு பீரங்கி நிற்கும். பெயர் ஃபாலங்ஸ். ஆறு குழாய்கள் சேர்ந்து சுழன்று நிமிடத்துக்கு 4,500 குண்டுகளைப் பொழியும். அதாவது வினாடிக்கு 75. அதன் பெட்டியில் இருப்பதோ 1,550 குண்டுகள். விடாமல் சுட்டால் இருபதே வினாடிகளில் காலி. இதில் என்னை மிகவும் வியக்க வைப்பது அதன் ராடார். வரும் ஏவுகணையை மட்டுமல்ல, தான் சுட்ட குண்டுகளையும் சேர்த்தே அது பார்க்கிறது. குண்டுகள் இலக்கைவிட்டு எவ்வளவு விலகிப் போகின்றன என்று அளந்து, குழாயைத் தானே திருத்திக்கொள்கிறது. 2024 ஜனவரியில் செங்கடலில் யுஎஸ்எஸ் கிரேவ்லி கப்பலை நோக்கி வந்த ஓர் ஏவுகணை ஏறக்குறைய ஒரு மைல் தொலைவு வரை நெருங்கிவிட்டது. அதை வீழ்த்தியது இந்தப் பீரங்கிதான்.

அவ்வளவு நெருங்க விடுவதை எந்தக் கேப்டனும் விரும்புவதில்லை. அதனால் தொலைவிலேயே அடிக்க ஏவுகணைகள். அமெரிக்காவின் ஆர்லி பர்க் வகை நாசகாரிக் கப்பல்கள் பலவற்றின் தளத்துக்கு அடியில் 96 செங்குத்துக் குழாய்கள் இருக்கின்றன. மேலிருந்து பார்த்தால் சதுரசதுரமாக மூடிகள் மட்டுமே தெரியும். அதிலிருந்து கிளம்பும் எஸ்எம்-2 ஏவுகணை ஒன்றின் விலை சுமார் 20 லட்சம் டாலர். ரூபாயில் 17 கோடி. செங்கடலில் யேமனின் ஹூதி கிளர்ச்சிப்படை அனுப்பிய டிரோன்களிலோ சில ஆயிரம் டாலர்களில் செய்துவிடக்கூடியவையும் இருந்தன. 2023 அக்டோபரில் தொடங்கிய அந்த மோதலில், பதினைந்து மாதங்களில் அமெரிக்கக் கடற்படை 120 எஸ்எம்-2, 80 எஸ்எம்-6 ஏவுகணைகளைச் செலவழித்தது. கப்பல்கள் தப்பின. கணக்குதான் உதைத்தது.

பணத்தைவிடப் பெரிய சிக்கல், காலியான குழாய். ஆடும் கப்பலில், பல மீட்டர் நீளமுள்ள ஏவுகணை உறையைக் கிரேனில் தொங்கவிட்டு, குறுகலான குழாய்க்குள் செங்குத்தாக இறக்குவது ஊசியில் நூல் கோக்கிற வேலை. அதனால் 96 தீர்ந்தால் துறைமுகத்துக்குத் திரும்பத்தான் வேண்டும். நடுக்கடலிலேயே நிரப்ப முடியுமா என்று 2024 அக்டோபரில் சான் டியாகோவுக்கு அப்பால் யுஎஸ்எஸ் சோசின் கப்பலில் ஓர் ஒத்திகை நடந்தது. வெற்று உறையை வைத்துத்தான்.

விலை ஓர் ஆயுதத்தை எப்படிக் கொல்லும் என்பதற்கு சம்வால்ட் கப்பல்களின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதலில் 32 கப்பல்கள் கட்டுவதாகத் திட்டம். அவற்றுக்கென்றே 155 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்றும், அதற்கென்றே தானாக வழி பார்த்துப் போகும் குண்டு ஒன்றும் உருவாக்கினார்கள். கப்பல்களின் எண்ணிக்கை மூன்றாகச் சுருங்கியது. குண்டுக்கான தேவையும் அதே விகிதத்தில் சுருங்க, ஒரு குண்டின் விலை சுமார் 8 லட்சம் டாலருக்கு ஏறிவிட்டது. 2016இல் கடற்படை குண்டு வாங்குவதையே கைவிட்டது. பீரங்கி இருந்தது, போட குண்டு இல்லை. பிறகு ஏவுகணைக் குழாய்களுக்கு இடம் விட்டு அந்தப் பீரங்கிகளையும் கழற்றத் தொடங்கினார்கள்.

இந்தப் பின்னணியில்தான் லேசர் எல்லாருக்கும் இனிக்கிறது. பிரிட்டனின் டிராகன்ஃபயர் லேசர் ஒரு தடவை சுட 10 பவுண்டுகூட ஆகாது என்கிறார்கள். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோவாட் ஒளியை உமிழ சுமார் 200 கிலோவாட் மின்சாரம் வேண்டும். பத்து வினாடி சுட்டால் அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே! இந்த ஆயுதத்துக்குத் தனியாகக் குண்டுக்கிடங்கு வேண்டாம். கப்பலின் டீசல் தொட்டியே அதன் குண்டுக்கிடங்கு.

ஒளி எங்கே பிறக்கிறது? இட்டெர்பியம் என்ற உலோகத்தைத் துளி கலந்த, தலைமுடிபோல் மெல்லிய கண்ணாடி இழைக்குள். இதுதான் ஒளியிழை லேசர். ஓர் இழையால் தாங்க முடிவது சில கிலோவாட் மட்டுமே. ஆகவே பல இழைகளின் ஒளியை ஒரே கற்றையாக்க வேண்டும். அமெரிக்காவின் ஹீலியோஸ் லேசரில் இதற்கு ஓர் அழகான வழி. ஒவ்வோர் இழையும் சற்றே வேறுபட்ட அலைநீளத்தில் ஒளிர்கிறது. நுண்கோடுகள் வரைந்த ஒரு தகடு அவற்றையெல்லாம் ஒன்றாக்கி அனுப்புகிறது. பட்டகம் வெள்ளொளியை ஏழு நிறமாகப் பிரிப்பதைப் பள்ளியில் பார்த்திருப்பீர்கள். இது அதே வித்தை, தலைகீழாக.

வெளியே வரும் கற்றை அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. சினிமாவில் வருவதுபோலப் பச்சைக் கோடும் கிடையாது, 'விர்' சத்தமும் கிடையாது. டிரோன் ஒன்றின் இறக்கை திடீரென்று புகைந்து, உருகி, ஒடியும். அவ்வளவுதான். ஆனால் அதற்குச் சில வினாடிகள் ஒளி ஒரே புள்ளியில் நின்றாக வேண்டும். கப்பல் ஒரு பாகை சாய்ந்தாலே ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் கற்றை 17 மீட்டர் தள்ளிப் போய்விடும். டிராகன்ஃபயரோ அந்தத் தொலைவிலிருந்து ஒரு பவுண்டு நாணயத்தை, அதாவது 23 மில்லிமீட்டர் வட்டத்தை, அடிக்கும் துல்லியம் கொண்டது என்கிறது பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம். கப்பல் ஆட ஆட, குறி மட்டும் ஆடாமல் வைத்திருக்கும் இந்தக் கலைக்கு நிலைப்படுத்தல் என்று பெயர். திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை நம் கடற்படைக்குச் செய்து தரும் 12.7 மில்லிமீட்டர் துப்பாக்கியிலும், எளிய அளவில், இதே வேலைதான் நடக்கிறது.

இத்தனையும் செய்த பிறகு காற்று குறுக்கே நிற்கும். கற்றை தான் கடந்து போகும் காற்றையே சூடாக்குகிறது. சூடான காற்று ஒரு மோசமான லென்சாக மாறி, கற்றையைப் பரப்பிக் கூர்மை கெடுக்கிறது. இதை வெப்பப் பரவல் எனலாம். இலக்கு குறுக்கே பறந்தால் கற்றையும் கூடவே நகர்வதால் புதுக்காற்று கிடைக்கும். நேரே கப்பலை நோக்கி வரும் ஏவுகணையிடம் அந்தச் சலுகை இல்லை. மிகவும் ஆபத்தான இலக்கின்மீதுதான் லேசர் மிகவும் திணறுகிறது! மழையும் மூடுபனியும் தனிக்கணக்கு.

ஆகவே யாரும் பழைய பீரங்கியைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. 2024 மார்ச்சில் இத்தாலியின் காயோ துய்லியோ கப்பல் ஹூதி டிரோன் ஒன்றை 76 மில்லிமீட்டர் பீரங்கியால் வீழ்த்தியது. அதே குண்டளவில் 16 பீரங்கிகளுக்கு, 2023 நவம்பரில், இந்தியா பெல் (BHEL) நிறுவனத்துக்குச் சுமார் 2,956 கோடி ரூபாய் ஒப்பந்தம் கொடுத்தது. அவை ஹரித்வாரில் தயாராகின்றன.

லேசர் பக்கம் நடை மெதுவாக, ஆனால் நிற்காமல் போகிறது. 2014இல் அமெரிக்கா 30 கிலோவாட் லேசரை யுஎஸ்எஸ் போன்சே கப்பலில் ஏற்றிப் பாரசீக வளைகுடாவில் சோதித்தது. 2021 டிசம்பரில் யுஎஸ்எஸ் போர்ட்லண்ட் ஏடன் வளைகுடாவில் மிதந்த ஓர் இலக்கை லேசரால் சுட்டது. 2025 ஏப்ரலில் இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ கர்னூலில் 30 கிலோவாட் லேசரால் டிரோன்களை வீழ்த்திக் காட்டியது. அது தரைமேல் நடந்த சோதனை. கடலின் ஆட்டத்தையும் உப்புக்காற்றையும் அது இனிமேல்தான் சந்திக்க வேண்டும். பிரிட்டன் 2025 நவம்பரில் டிராகன்ஃபயருக்காக 31.6 கோடி பவுண்டு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. அந்தப் 10 பவுண்டுக் கணக்கில் இந்தத் தொகை சேராது என்பதையும் நினைவில் வைப்பது நல்லது.

இனிக் கப்பல் வாங்குபவர்கள் கேட்கப்போவது, எத்தனை மெகாவாட் மிச்சம் இருக்கிறது, எவ்வளவு சூட்டை வெளியேற்ற முடியும் என்பதையும்தான். 200 கிலோவாட்டில் 60 ஒளியாகப் போனால், மீதி 140 கிலோவாட் கப்பலுக்குள்ளேயே வெப்பமாகத் தங்கும். அதை இறக்க வீட்டிலுள்ள ஒன்றரை டன் ஏசி இருபத்தைந்துக்கு மேல் வேண்டும். டிராகன்ஃபயர் முதலில் ஏறப்போவது டைப் 45 நாசகாரிகளில். வெப்பமான கடல்களில் கரண்ட் போய் நடுக்கடலில் நின்றவை என்று பெயர் வாங்கிய கப்பல்கள்தாம் அவை. இப்போது ஒவ்வொன்றாகக் கரைக்கு இழுத்து, இரண்டு டீசல் ஜெனரேட்டர்களைக் கழற்றிவிட்டு, அவற்றைவிடப் பெரியவையாக மூன்றைப் பொருத்திக்கொண்டிருக்கிறார்கள்.