பத்திரத்தில் ஒரு பெயர்

வீடு கணவன், மனைவி இருவரில் ஒருவர் பெயரில் மட்டும் பதிவாகியிருந்தால், சட்டப்படி அதன் உரிமையாளர் அவர்தான். கோவா நீங்கலாக இந்தியாவில், திருமணம் ஆன காரணத்தாலேயே ஒருவர் சொத்தில் மற்றவருக்குப் பங்கு வந்துவிடாது.

மீஞ்சூரில் மனை வாங்கி வீடு கட்டும் ஒரு தம்பதியின் வரவுசெலவு இதன் சிக்கலைக் காட்டும். கணவருக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை. வீட்டுக் கடன் தவணை அவர் கணக்கிலிருந்து போகிறது. மனைவியின் சம்பளம் அரிசி, கேஸ், பள்ளிக் கட்டணம், மாமியாரின் மாத்திரை என்று கரைகிறது. மனைக்கு முன்பணம் கொடுக்க விற்றதும் அவருடைய வளையல்தான். பத்து ஆண்டு கழித்துத் தவணைக்கு பாஸ்புக் சாட்சி சொல்லும்; அரிசி மூட்டைக்குச் சாட்சி இல்லை. ஒருவர் பணம் சுவராக நிற்கிறது, மற்றவர் பணம் சாப்பாடாகிச் செரித்துவிட்டது.

கடன் படிவத்தில் துணை விண்ணப்பதாரராகக் கையெழுத்திட்டால் வீட்டில் பங்கு உண்டு என்று பலர் நம்புகிறார்கள். அந்தக் கையெழுத்தால் வருவது கடன் பொறுப்பு மட்டுமே. பங்கு வேண்டுமானால் கிரயப் பத்திரத்தில் பெயர் இருக்க வேண்டும்.

சம்பளமே வாங்காத மனைவியின் நிலை 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் பேசப்பட்டது. நெய்வேலியில் வேலை பார்த்து, பின் சவுதி அரேபியா சென்ற கணவருக்கும் ஊரில் பிள்ளைகளை வளர்த்த மனைவிக்கும் இடையிலான வழக்கு அது. வீட்டை அவர் கவனித்ததால்தான் கணவரால் சம்பாதிக்க முடிந்தது என்று கூறிய நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்குச் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். இல்லத்தரசியின் உழைப்பைக் கணக்கில் கொள்ளும் சட்டம் இதுவரை இல்லை என்பதையும் அந்தத் தீர்ப்பே குறிப்பிட்டது.

யாழ்ப்பாணத்துத் தேசவழமை இந்தக் கணக்கை எப்போதோ போட்டுவிட்டது. 1707இல் டச்சு ஆட்சியில் எழுத்தில் தொகுக்கப்பட்ட அச்சட்டம், பரம்பரைச் சொத்தை முதுசம் என்றும், பெண் கொண்டுவருவதைச் சீதனம் என்றும், மணவாழ்வில் ஈட்டியதைத் தேடிய தேட்டம் என்றும் பிரித்தது. தேடிய தேட்டம் இருவருக்கும் பொது. பின்வந்த திருத்தங்கள் அதன் எல்லையை மாற்றியிருந்தாலும், சேர்ந்து வாழும்போது சேர்ந்தது இருவருக்கும் உரியது என்ற எண்ணம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

இந்தியாவில் மனைவிக்கு உறுதியாக இருப்பது குடியிருக்கும் உரிமை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, வீடு யார் பெயரில் இருந்தாலும், சட்ட நடைமுறையின்றி அவரை வெளியேற்ற முடியாது. ஆனால் அது தங்கும் உரிமைதான்; விற்கும்போது பங்கு கேட்க உதவாது. உயில் எழுதாமல் இந்துக் கணவர் இறந்தால், அவருடைய சொந்தச் சொத்து மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோருக்குச் சமமாகப் பிரியும். இரண்டு பிள்ளைகளும் மாமியாரும் இருந்தால் மனைவிக்குக் கிடைப்பது கால் பங்கு.

ஆகவே பங்கைப் பதிவின்போதே தீர்மானிப்பது நல்லது. கூட்டாக வாங்கினால் அவரவர் சதவீதத்தைப் பத்திரத்தில் எழுதலாம். ஏற்கெனவே ஒருவர் பெயரில் இருந்தால், தானசெட்டில்மெண்ட் மூலம் பங்கை மாற்றலாம். தமிழ்நாட்டில் 2023 ஜூலை திருத்தப்படி, குடும்பத்தினருக்குள் எழுதும் இப்பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். அடமானத்தில் உள்ள வீட்டுக்கு முதலில் வங்கியின் சம்மதம் தேவை. பத்திரத்தை மாற்றாத தம்பதியர், நகை விற்ற ரசீதையும் வீட்டுக்காகக் கொடுத்த பணத்தின் வங்கிப் பதிவையும் பத்திரப்படுத்த வேண்டும்.