விகிதம் மாறாமல் வளரும் ஓவியம்

கான்வாஸில் முதல் கோடு விழுவதற்கு முன்பே ஓவியத்தின் அமைப்பைப் பெரிதும் கட்டுப்படுத்திவிடுவது அதன் பக்க விகிதமாகும். நீண்ட பக்கத்தைக் குறுகிய பக்கத்தால் வகுக்கும்போது கிடைக்கும் எண்ணே பக்க விகிதம் எனப்படும். அது 1 ஆக இருந்தால் கான்வாஸ் சதுரமாகும். எண் கூடக் கூட, கிடையாக வைத்த ஓவியத்தில் அடிவானம் அகன்று விரிகிறது.

19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ஓவியப் பொருள் கடைகளில் உருவம், நிலக்காட்சி, கடற்காட்சி என மூன்று வரிசைகளில், எண்ணிட்ட ஆயத்தக் கான்வாஸ்கள் விற்கப்பட்டன. 30ஆம் எண்ணில் மூன்றுக்கும் நீண்ட பக்கம் 92 செ.மீ.; குறுகிய பக்கம் மட்டும் முறையே 73, 65, 60 செ.மீ. எனக் குறைந்து, விகிதம் 1.26, 1.42, 1.53 என உயர்கிறது. லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள வான்கோவின் 'சூரியகாந்திப் பூக்கள்' (1888) இவற்றுள் முதல் அளவை ஒட்டியதாகும்.

ஒரே வரிசைக்குள்ளும் விகிதம் மாறுவதுதான் ஓவியரை இடறவைக்கும் இடம். உருவ வரிசையின் 10ஆம் எண் 55க்கு 46 செ.மீ. ஆகும். அதில் தீட்டிய முன்வரைவைக் குறுகிய பக்கம் 73 செ.மீ. ஆகும்வரை பெரிதாக்கினால் நீண்ட பக்கம் ஏறத்தாழ 87 செ.மீ. மட்டுமே வருவதால், 30ஆம் எண் கான்வாஸில் 5 செ.மீ. அளவுக்கு வெற்றிடம் எஞ்சும். இதை முன்கூட்டியே கண்டறிய எளிய வடிவியல் முறை ஒன்று உண்டு. முன்வரைவைப் பெரிய கான்வாஸின் ஒரு மூலையில் பொருத்தி, அந்த மூலையிலிருந்து முன்வரைவின் மூலைவிட்டத்தை நீட்டும்போது, கோடு கான்வாஸின் எதிர்மூலையைத் தொட்டால் இரண்டும் ஒரே விகிதம் கொண்டவை. தொடாவிட்டால் கான்வாஸையோ காட்சியமைப்பையோ மாற்றியாக வேண்டும். விகிதம் பொருந்திய பின், இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் கட்டங்கள் இட்டு, கட்டத்துக்குக் கட்டம் கோடுகளை மாற்றி வரையலாம்.

வடிவம் மாறாதபோதும் பரப்பளவு வேறு விதியில் வளர்கிறது. பக்கங்கள் இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும். பரப்பு மட்டும் இரு மடங்காக வேண்டுமெனில் பக்கங்களை 2-இன் வர்க்கமூலமான 1.414 மடங்கு பெருக்கினால் போதும். பக்க விகிதமும் இதே எண்ணாக உள்ள தாளை நடுவில் மடித்தால் விகிதம் மாறாது என்பதை ஜெர்மானிய அறிஞர் லிச்டன்பெர்க் 1786இல் ஒரு கடிதத்தில் குறிப்பிட்டார். 1922இல் ஜெர்மனி வகுத்த ஏ வரிசைத் தாள் அளவுகள் இந்தப் பண்பையே அடிப்படையாகக் கொண்டவை. ஏ4 தாளில் உள்ள படத்தை ஏ3 தாளுக்கு 141 விழுக்காடு பெரிதாக்கும்போது விளிம்பு வெட்டுப்படாததற்குக் காரணமும் இதுவே.

ஆனால் தூரிகைத் தடத்துக்கு இவ்வாறு தானாக வளரும் விதி ஏதுமில்லை. 'கிராண்ட் ஜாட் தீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை' ஓவியத்துக்காகப் பிரெஞ்சு ஓவியர் சூரா தீட்டிய இறுதி முன்வரைவு 70.5க்கு 104.1 செ.மீ.; 1886இல் காட்சிக்கு வந்த பெரிய ஓவியத்தின் இன்றைய அளவு 207.5க்கு 308.1 செ.மீ. இரண்டின் விகிதமும் 1.48ஐ ஒட்டியதே, பக்கம் ஏறத்தாழ மூன்று மடங்கும், பரப்பு ஒன்பது மடங்குக்குச் சற்றுக் குறைவாகவும் வளர்ந்துள்ளன. முன்வரைவு கண்ணில் அடைக்கும் அதே கோணத்தைப் பெரிய ஓவியமும் அடைக்க வேண்டுமானால் பார்வையாளர் மூன்று மடங்கு தொலைவில் நிற்க வேண்டும். அங்கிருந்து பார்க்கையில், ஓவியத்தோடு சேர்த்துப் பெருக்கப்படாத தூரிகைப் புள்ளிகள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கித் தோன்றுவதால், வண்ணங்கள் ஒன்றோடொன்று எளிதில் கலந்துவிடுகின்றன. எனவே கான்வாஸைத் தேர்ந்தெடுக்கும் ஓவியர் காட்சிக்கேற்ற விகிதத்தை முதலிலும், பார்வைத் தொலைவுக்கேற்ற அளவை அடுத்தும், அவ்விரண்டுக்கும் ஏற்ற தூரிகையை இறுதியிலும் முடிவு செய்வதே முறையாகும்.