அரைப் புள்ளியும் வெற்றிக்கு வழிதான்



குவீன்ஸ்டவுனில் இளையர் சதுரங்கப் போட்டிக்குத் தயாராகும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், ரேடியோவின் பக்கம் கூப்பிடுங்கள்.

ஆட்டம் டிராவில் முடிந்தால் இருவருக்கும் ஆளுக்கு அரைப் புள்ளி. அது தோல்வி அல்ல. 2024-இல் நம் செந்தோசாவில் நடந்த உலக வெற்றியாளர் போட்டியை நினைத்துப் பாருங்கள். சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷும் சீனாவின் டிங் லிரெனும் ஆடிய 14 ஆட்டங்களில் 9 ஆட்டங்கள் டிரா. 4-ஆம் ஆட்டம் முதல் 10-ஆம் ஆட்டம் வரை, தொடர்ந்து ஏழும் டிரா! பொறுமையாக அரை அரையாகச் சேர்த்த குகேஷ், கடைசி ஆட்டத்தில் வென்று 7.5-க்கு 6.5 என்று பட்டத்தைக் கைப்பற்றினார்.

டிரா கேட்பதற்கும் முறை உண்டு. முதலில் காயை நகர்த்துங்கள். பிறகு எதிராளியிடம் கேளுங்கள். அதன் பின்னரே கடிகாரத்தை அழுத்துங்கள்.

உங்கள் அடுத்த நகர்வால் ஒரே நிலை மூன்றாம் முறை வரப்போகிறதா? அப்போதும் டிரா கோரலாம். ஆனால், காயைத் தொடாதீர்கள்! அந்த நகர்வைக் குறிப்புத் தாளில் எழுதிவிட்டு, நடுவரை அழையுங்கள். காயைத் தொட்டுவிட்டால், அந்த நகர்வில் டிரா கோரும் உரிமை போய்விடும். கோரிக்கை தவறாக இருந்தால், எதிராளிக்குக் கூடுதலாக 2 நிமிடம் கிடைக்கும்.

பிள்ளைகளே, விதியைத் தெரிந்துகொண்டு துணிந்து ஆடுங்கள். தோற்க வேண்டிய ஆட்டத்தில் போராடிப் பெறும் அரைப் புள்ளிக்கும் பெருமை உண்டு.