பொட்டைக்குட்டிகள் எங்கே போகின்றன?

மலையடிவாரம் – 9

சிறுமலைச் சுமைக் குதிரைகளைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியதற்கு வந்த கடிதங்களில் ஒன்று நாயைப் பற்றியது. அம்பாத்துரைப் பக்கத்து வாசகர். தோட்டக் காவலுக்கு நாட்டுக்குட்டி ஒன்று வேண்டும், காசு கொடுத்து வாங்க மனமில்லை, காப்பகத்தில் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: "கடுவனாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள்."

காப்பகங்கள் நிரம்பி வழிவதற்குப் பாதிக் காரணம் அந்தக் கடைசி வரிதான் என்பது என் கட்சி.

நம் பக்கம் நாய் குட்டி போட்டால், அவை கண் திறப்பதற்குள்ளேயே பங்கு பிரிந்துவிடும். "அக்கா, அந்தச் செவலைக் கடுவனை எனக்கு வச்சிருங்க" என்று பால்காரர் சொல்லிவைப்பார். கருப்பு வேறொருவருக்கு. மிஞ்சுவதெல்லாம் பொட்டை. தாய்ப்பால் மறக்கும் நேரத்தில் அவற்றைச் சாக்கில் கட்டி, கறிக்கடை ஓரத்திலோ கோயில் வாசலிலோ விட்டுவருவார்கள். கொஞ்சம் தொலைவாக விட்டால் திரும்பாது என்று நினைப்பவர்களுக்கு மலைச்சாலை இருக்கிறது. சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவுகள். வண்டியை நிறுத்தி எதையும் இறக்கிவிட வசதியான பாதை. "எங்கயாவது பொழச்சுக்கும்" என்பது சமாதானம். பாதிக்கு மேல் பிழைக்காது. பிழைத்த ஒன்று வயதுக்கு வந்தால், சினைக்காலம் இரண்டே மாதம்; ஆண்டுக்கு இரண்டு ஈற்றுகூடப் போடும்.

பிழைத்தாலும் அது காட்டின் பக்கம்தான் பிழைக்கிறது. 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் அடுத்தடுத்து இறந்தன. அவற்றில் பலவற்றிடம் இருந்தது நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ். நம் மாவட்டத்தில் சிங்கம் இல்லை. ஆனால் சிறுமலையில் காட்டுமாடு உண்டு. வடக்கே கடவூர்க் காட்டில் 11,806 ஹெக்டேரைத் தேவாங்குக்கென்றே 2022-இல் சரணாலயமாக அறிவித்திருக்கிறது தமிழக அரசு. பசியோடு திரியும் நாய்க்கு மரத்தைவிட்டு இறங்கிய தேவாங்கும் முயலும் ஒன்றுதான்.

இப்படி விடப்படும் குட்டிகளுக்கு ஒரு காலத்தில் நகரம் வைத்திருந்த வழி வேறு. சென்னை மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. விமானியான கேப்டன் வி. சுந்தரமும் அவர் மனைவி உஷாவும் 1959-இல் சென்னையில் புளூ கிராஸ் விலங்குநல அமைப்பைத் தொடங்கிய காலம் அது. கொன்ற நாய்கள் அவ்வளவு பெருகியிருந்ததால், மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அந்தத் தோலில் டையும் பணப்பையும் வடிவமைத்தது என்று அவர்கள் மகன் சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார். கொல்வதால் எண்ணிக்கை குறையவில்லை, கருத்தடைதான் வழி என்று 1964-லேயே புளூ கிராஸ் சொன்னது. மாநகராட்சி கேட்டது 1996-இல். முப்பத்திரண்டு வருஷம்! அதற்குள் எத்தனை தலைமுறை நாய்!

கருத்தடையின் கணக்கு எளிது. ஒரு தெருவில் பத்துக் கடுவனுக்கு அறுவை செய்து ஒன்றை விட்டுவிட்டாலும் அந்த ஒன்று போதும், எல்லாப் பொட்டைக்கும் வயிறு நிரம்பும். பொட்டைக்குச் செய்தால் அந்தக் கிளை அங்கேயே நிற்கும். ஆகவே அறுவை முடிந்து, காது நுனியில் வெட்டடையாளத்தோடு, தடுப்பூசியும் போட்டு நிற்கிற வளர்ந்த பொட்டைதான் காப்பகத்தில் எடுக்கத்தக்க முதல் நாய் என்பேன். எடுப்பவர்கள் கேட்பதோ கைக்குள் அடங்கும் குட்டி. குட்டிக்குப் பார்வோ வைரஸ் நோய் வந்தால் சில நாளில் போய்விடும். அது எவ்வளவு வளரும், என்ன குணம் என்று யாரும் சொல்ல முடியாது. மூன்று வயது நாயிடம் எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது.

பொட்டை காவல் காக்காது என்பார்கள். கருத்தடை செய்யாத கடுவன் மார்கழியில் எங்கே இருக்கும் என்று அவர்களைக் கேட்க வேண்டும். ஒருவனைத் திட்ட "மார்கழி மாசத்து நாய்" என்று நம் ஊரில் வைத்திருக்கும் வசவு, வேலி தாண்டிப் போனதைப் பார்த்து வைத்ததுதானே?

காப்பகத்துக்குப் போனால் கம்பிக்கதவில் முட்டிக் குரைப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். அத்தனை நாய் சேர்ந்த இடத்தில் எதுவும் குரைக்கும். பிடித்ததை வெளியே கூட்டிவரச் சொல்லி, கொஞ்சம் தள்ளி நடந்துபாருங்கள். தடுப்பூசி அட்டையைக் கேளுங்கள். உண்ணிக்காய்ச்சல் வந்ததா, பூனை, கோழியோடு இருந்து பழக்கமா என்று அங்கே சோறு வைப்பவரிடம் கேளுங்கள். அலுவலக மேசையைவிட அவருக்குத்தான் தெரியும். வீட்டுக்கு வந்ததும் அது கட்டிலுக்கடியில் போய்ப் படுத்து, சோற்றைத் தொடாமலும் இருக்கலாம். விட்டுவிடுங்கள். பசி வந்தால் வரும்.

சட்டமும் இப்போது இந்தப் பக்கம் ஒரு கதவைத் திறந்திருக்கிறது. 2025 ஆகஸ்டு 11-இல் தில்லித் தெருநாய்களைப் பிடித்து அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், 22-ஆம் தேதி அதைத் திருத்தியது. வெறிநோய் கண்டவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைக் கருத்தடை, தடுப்பூசிக்குப் பிறகு பிடித்த இடத்திலேயே விட வேண்டும். அதே ஆணையில், விரும்புகிறவர் உள்ளாட்சியிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம் என்றும், அது மறுபடி தெருவுக்கு வராமல் பார்ப்பது எடுத்தவர் பொறுப்பு என்றும் சொல்லியிருக்கிறது. அதே ஆண்டு நவம்பரில் வந்த ஆணையோ, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடித்ததைத் திரும்ப அங்கே விடக்கூடாது என்கிறது. அப்படியானால் அவை போய்ச்சேர வேண்டிய இடம் காப்பகம். காப்பகத்தில் இடம் காலியாக வேண்டுமென்றால் யாராவது எடுத்துப்போக வேண்டும்.

காப்பகத்தில் எடுப்பது பூனையென்றால் இத்தனை வியாக்கியானம் தேவையில்லை. குட்டியானால் இரண்டாக எடுங்கள். ஒன்றோடு ஒன்று விளையாடிப் பொழுது போக்கிக்கொள்ளும், உங்கள் திரைச்சீலை தப்பும். முதல் சில வாரம் வெளியே விடாதீர்கள். பாலும் சோறும் மட்டும் போட்டால் பூனைக்குப் போதாது. மீனோ கறியோ வேண்டும், இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். சைவ வீட்டுக்காரர்கள் இதை யோசித்துவிட்டு எடுப்பது நல்லது. காய்ச்சலாகத் தெரிகிறதே என்று பாராசிட்டமால் மாத்திரையில் பாதியைக் கிள்ளிப் போட்டுவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம். ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும்.

(தொடரும்)